நான்கு பெட்டிகள், ஒரு கத்தரிக்கோல்

புதுச் செருப்பு காலையிலிருந்தே அண்ணியின் இடது குதிகாலைக் கடித்துக்கொண்டிருந்தது. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது தோல் உரிந்தே விட்டது. மணி இரண்டு. நாலு மணிக்கு விசாரணை. அதற்குள் ஒரு திருடனைப் பிடித்தாக வேண்டும். திருட்டுப் போன பொருள்: பஞ்சு, பேண்டேஜ், பிளாஸ்டர்.

"தங்கம் வைரம்னு தேடிப் போன காலமெல்லாம் மலையேறிப் போச்சு அண்ணி," என்றான் சைரன். "இனிமே நம்ம ஆபீஸ் வாசல்ல, 'பஞ்சு காணாமல் போனாலும் அணுகலாம்'னு எழுதிப் போட்டுடலாம்."

அவள் அவனுக்கு மட்டும் அண்ணி இல்லை. துப்பறியும் அலுவலகம் தொடங்கிய நாளிலேயே வந்து ஒட்டிக்கொண்ட கொழுந்தன், வாய்க்கு வாய் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில், வாடிக்கையாளர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவன் பதினோரு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். வேலையை விட்ட பிறகும் தொண்டை இறங்கவில்லை. அதனால் சைரன்.

"உன்கிட்ட ஒரு பிளாஸ்டர் இருக்கா?"

"பிளாஸ்டர் ஒட்டிக்க யாரும் ஆம்புலன்ஸ்ல ஏறுறதில்ல அண்ணி. எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது."

அண்ணிக்குச் சிரிக்கத் தெம்பு இல்லை. இந்த வாரத்தில் இது மூன்றாவது கேஸ். கேட்டுக்கு மேலே பெரிய பச்சைப் பலகை ஒன்று தொங்கியது. 'விபத்து இல்லாத நாட்கள்' என்று எழுதி, கீழே ஆணியில் மாட்டிய தகடுகளில் 287. அதைப் படித்துக்கொண்டே நொண்டி நொண்டி உள்ளே போனாள். ஏதோ உறுத்தியது. செருப்புதான் என்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளே, கொண்டையில் பேனா செருகியபடி ஸ்டோர்க்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். காலையில் விசாரணைக் கடிதத்தோடு அண்ணியின் அலுவலகத்துக்கு வந்து அழாமல் பேசியவள். அந்த அழாத முகத்துக்காகத்தான் அண்ணி கேஸை ஒப்புக்கொண்டாள்.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு, அட்டையை அளவாக வெட்டும் பஞ்சிங் மெஷினில் ஒருவர் கையைக் கொடுத்துவிட்டார். ரத்தம் பீறிட்டிருக்கிறது. ஓடிப்போய் முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் கட்டுப்போட ஒன்றுமே இல்லை. பார்சல் ஒட்டும் டேப்பைச் சுற்றித்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரண்டு விரல் இனி மடங்குமா என்பது சந்தேகம். பெட்டியின் மூடிக்குள்ளே தொங்கிய கார்டிலோ, 'எல்லாம் சரியாக உள்ளது' என்று முந்தைய நாள், திங்கள்கிழமை, ஸ்டோர்க்காரம்மா போட்ட கையெழுத்து.

"பார்க்காமலே பொய்க் கையெழுத்து போட்டேனாம்," என்றாள் அவள். "பத்தொன்பது வருஷமா இங்க எண்ணிக்கிட்டிருக்கேன் அக்கா. எண்ணத் தெரியாதவன்னு எழுதி அனுப்பினா, அப்புறம் எந்த ஸ்டோர்ல என்னைச் சேர்ப்பாங்க?"

விசாரணைக்குத் துணையாக ஒருவரை அழைத்துவரலாம் என்று கடிதத்திலேயே இருந்தது. அதை வைத்துத்தான் அண்ணி உள்ளே நுழைந்தாள். சைரன் எப்படி நுழைந்தான் என்று யாரும் கேட்கவில்லை. சைரனை யாரும் கேட்பதில்லை.

பஞ்சிங் ஹாலின் பெட்டியைச் சிவப்பு டேப் ஒட்டி முத்திரை வைத்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு வழியாகவே உள்ளே தெரிந்தது. ஒரு தைலப் புட்டி, தலைவலி மாத்திரை அட்டை, தீப்புண் களிம்பு மூன்று ட்யூப்.

"அடுப்பே இல்லாத இடத்துல தீப்புண்ணுக்கு மூணு ட்யூப்!" சைரன் ஒரு ஸ்டூலில் ஏறி மூக்கைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினான். "அட்டை வெட்டுற இடத்துல எது வெட்டுப்படும்? கை. ரத்தத்தை அழுத்திக் கட்ட கனமான பஞ்சு வேணும், பேண்டேஜ் வேணும், கையுறை வேணும். இதை வாங்கினவர் தனக்குத் தலைவலி வரும்னு மட்டும்தான் யோசிச்சிருக்கார். அதுசரி, பெட்டி ஏன் இவ்வளவு உயரத்துல? அடிபட்டவன் ஏணி போட்டா ஏறுவான்?"

"பார்வையா இருக்கணும்னு மேனேஜர் மாட்டச் சொன்னார்," என்றாள் ஸ்டோர்க்காரம்மா.

பெட்டிக்குக் கீழே நூலில் கட்டிய ஒரு நோட்டு தொங்கியது. விபத்துப் பதிவு நோட்டு. பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டர் எடுத்தாலும் பெயர், நேரம், காயம் எல்லாம் அதில் எழுத வேண்டும். அண்ணி பிரித்தாள். மொட மொடவென்று புதுசாக இருந்தது. முதல் பக்கமே வெள்ளை.

"செவ்வாய்க்கிழமை நடந்ததுகூட இதுல இல்லையே?"

"விசாரணை முடியட்டும்னு மேனேஜர் சொல்லிட்டார்."

மொத்தம் நாலு பெட்டி. வாரா வாரம் காலை எட்டு மணிக்கு ஸ்டோர்க்காரம்மா நாளுக்கு ஒன்றாகச் சரிபார்ப்பாள். திங்கள் பஞ்சிங் ஹால், செவ்வாய் பசைப் பிரிவு, புதன் குடோன், வியாழன் கேன்டீன். விபத்து நடந்த அன்று பிற்பகலே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டதால், அதன்பின் யாரும் எதையும் பார்க்கவில்லை.

குடோன் பெட்டியைத் திறந்தார்கள். காலி. கேன்டீன் பெட்டி. காலி. அங்கே தைலப் புட்டிகூட இல்லை.

"பெரிய திருடன்தான்," என்றான் சைரன். "கொட்டிக் கவிழ்த்துட்டுப் போயிருக்கான்."

ஸ்டோர்க்காரம்மாவின் முகம் சுண்டிப்போனது. "போன வாரம் ரெண்டையும் நானே எண்ணினேன் அக்கா. சத்தியமா இருந்துச்சு."

அண்ணி இரண்டு மூடிக்குள்ளிருந்தும் கார்டை மட்டும் கழற்றிக்கொண்டாள். முற்றத்தில் லாரிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து, கட்டுக்கட்டாக அடுக்கிய அட்டைகளைத் தாண்டி, கோடியில் இருந்த பசைப் பிரிவுக்குப் போய்ச் சேர ஏழு நிமிஷம் ஆனது. நொண்டியதால் ஒரு நிமிஷம் கூடியிருக்கலாம்.

பசைப் பிரிவின் பெட்டி நிறைந்திருந்தது.

பஞ்சு, கையுறை, மருந்துத் தண்ணீர், பிளாஸ்டர், எல்லாம் சீராக. கத்தரிக்கோல் ஒன்று. ஒரு பக்கத்து முனை ஒடிந்திருந்தது.

"மூணு வீட்டைக் கொள்ளையடிச்சவன் நாலாவது வீட்டுல பூ வெச்சுட்டுப் போயிருக்கான்," என்றான் சைரன்.

ஸ்டோர்க்காரம்மா தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்திருந்தாள். "பிளாஸ்டர் இருபத்தெட்டு. சரி. ரோலர் பேண்டேஜ் மூணு..." நின்றாள். "நாலு எழுதியிருக்கேன். செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு நாலு இருந்துச்சு."

அண்ணி ஒரு அட்டைக்கட்டின் மேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். மடியில் நாலு கார்டையும் பரப்பினாள். பஞ்சிங் ஹால் கார்டின் அசல் மேனேஜரின் ஃபைலில் இருந்தது; கடிதத்தோடு வந்த நகல்தான் அவளிடம். மற்றவர்கள் டிக் போடும் கட்டத்தில் ஸ்டோர்க்காரம்மா எண்ணிக்கை எழுதியிருந்தாள். டிக் போட்டால் அவள் கைக்குத் திருப்தி வராதாம். ஒவ்வொரு கார்டும் அதனதன் சுவரில் அதனதன் மூடிக்குள் தொங்குவது. நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதுவரை யாரும் பார்த்ததில்லை.

"தம்பி, கார்டு கார்டா படிக்காதே. கடைசி மூணு வாரத்தைத் தேதி வரிசையில படி. பிளாஸ்டர் மட்டும்."

சைரன் குனிந்தான். "திங்கள், ஹால், நாற்பத்தொண்ணு. செவ்வாய், பசை, நாற்பத்தொண்ணு. புதன், குடோன், முப்பத்தெட்டு. வியாழன், கேன்டீன், முப்பத்தேழு. அடுத்த திங்கள், மறுபடி ஹால், முப்பத்தஞ்சு. முப்பத்தஞ்சு. முப்பத்தொண்ணு. முப்பது. இந்த வாரம் இருபத்தெட்டு, இருபத்தெட்டு." நிமிர்ந்தான். "இது என்ன, மாடிப்படியா?"

"நாலு தனித்தனி பெட்டி. நாலும் ஒரே மாடிப்படியில இறங்குமா? இப்ப கத்தரிக்கோலைப் பாரு."

நாலு கார்டிலும் ஸ்டோர்க்காரம்மாவின் குண்டுக் கையெழுத்தில் ஒரே வாசகம்: 'கத்தரிக்கோல் 1. முனை ஒடிந்தது. மாற்றித் தரவும்.'

"ஒடிஞ்ச கத்தரிக்கோலை மொத்த விலைக்கு வாங்கியிருப்பாங்களோ?" என்றான் சைரன், பாதி மனதோடு.

"ஒரே கத்தரிக்கோல்தான். ஒரே பஞ்சு, ஒரே பிளாஸ்டர். நாலு பெட்டிக்குமா ஒரு சரக்குதான் இருக்கு. இவங்க மறுநாள் எந்தப் பெட்டியைத் திறக்கப்போறாங்களோ, அதுக்கு முன்னாடியே அங்க போய் உட்கார்ந்துக்குது. செவ்வாய்க்கிழமை காலையில அது இங்க வந்துடுச்சு. பத்தரைக்கு ஹால்ல ரத்தம் கொட்டினப்போ அங்க இருந்தது வெறும் பெட்டி."

ஸ்டோர்க்காரம்மா சுவரில் சாய்ந்தாள். அண்ணி அவளையே பார்த்தாள்.

"உங்களுக்கு இது தோணவே இல்லையா?"

"தோணுச்சு. ரெண்டு மாசமா தோணுச்சு. தோணினதை எழுத கார்டுல கட்டம் இல்ல அக்கா."

அப்போதுதான் அண்ணி அந்த அறையில் இருந்த கைகளைப் பார்த்தாள். நீள மேஜையின் இரு பக்கமும் இருபது பேர் அட்டை மடித்துப் பசை தடவிக்கொண்டிருந்தார்கள். யாரும் தலை நிமிரவில்லை. ஆனால் விரல்கள் தெரிந்தன. கட்டை விரலில், ஆள்காட்டி விரலில், உள்ளங்கை ஓரத்தில், எல்லாருக்கும் பழுப்பு நிறப் பார்சல் டேப். அட்டை விளிம்பு கீறிய காயங்களை அட்டை ஒட்டும் டேப்பாலேயே ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரே ஒருத்திக்கு மட்டும் கை ஏப்ரனின் பைக்குள் இருந்தது. மேஜைத் தலைமாட்டில் நின்ற கனத்த உடம்புக்காரி, பசைப் பிரிவின் மூத்தவள்.

"பையில இருக்கிற பேண்டேஜைக் குடுத்துடுங்க," என்றாள் அண்ணி, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "மூணு நாளா சுமக்கிறீங்க. கனக்கலையா?"

பசைக்காரம்மா முறைத்தாள். "உனக்கென்னம்மா, நல்லா துப்பு துலக்குவே. இங்க வந்து ஒரு நாள் நின்னு பாரு. நாலு மாசமா ஓவர்டைம். ராத்திரி சாப்பிடும்போதே கண்ணு சொருகுது எங்களுக்கு." சொல்லிக்கொண்டே கையை வெளியே எடுத்தாள். காகித உறை பிரிக்காத ரோலர் பேண்டேஜ். ஓரமெல்லாம் நைந்திருந்தது. "சத்தம் கேட்டதும் இதை எடுத்துக்கிட்டு ஓடினேன். லாரி, அட்டை, லாரி. நான் போய்ச் சேரும்போது வண்டி கிளம்பிடுச்சு. திருப்பி வைக்க மனசு வரல."

பிறகு மற்றதும் வந்தது.

முன்னூறு நாள் விபத்தே இல்லாமல் ஓட்டினால், தொழிற்சாலையை மூடி எல்லாருக்கும் ஒரு வாரம் சம்பளத்தோடு லீவு. மேனேஜர் கேட்டில் நின்று அறிவித்தது. ஒரு கீறல் நோட்டில் ஏறினாலும் பலகை பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அதனால் யாரும் எழுதவில்லை. எழுதாமலே பிளாஸ்டர் எடுத்தார்கள். நாலு பெட்டியும் கரைந்தது; பெரிய கீறலுக்கு மட்டும் பிளாஸ்டர், மற்றதுக்கு டேப் என்று ஆனது. ஸ்டோர்க்காரம்மா காலிப் பெட்டியைப் பார்த்தால் எழுதிவிடுவாள். எழுதினால், பஞ்சு எங்கே போச்சு என்ற கேள்வி வரும். மிச்சம் மீதியை ஒன்று சேர்த்து ஒரு பெட்டிக்கு ஆக்கினார்கள். அதை அவளுக்கு முன்னால் ஓடவிட்டார்கள்.

"யார் தூக்கிட்டுப் போனது?" என்று கேட்டான் சைரன். "அந்த ஆளைச் சொல்லுங்க, நாலு மணிக்கு முன்னாடி கொண்டுபோய் நிறுத்துறோம். கேஸ் முடிஞ்சுது."

பசைக்காரம்மா சிரித்தாள். அதில் சிரிப்பு இல்லை.

"நிறுத்து. ஆஸ்பத்திரியில போய் எழுப்பி நிறுத்து."

சைரனின் வாய் திறந்தபடியே நின்றது.

"ஆறு மணி ஷிப்டுக்கு முதல்ல வர்றது அவர்தான். சாப்பாட்டுப் பையில போட்டு, அவர்தான் கொண்டுபோய் வைப்பார். செவ்வாய்க்கிழமையும் அவரேதான் இங்க கொண்டுவந்து வெச்சார். அடிபட்டுக் கிடக்கும்போது பெட்டி காலியா இருக்கும்னு அந்த ஹால்ல மத்தவங்களுக்கு முன்னாடி அவருக்குத் தெரியும். வலியில கத்தல. 'யாரும் நோட்டுல எழுதிடாதீங்க'ன்னுதான் சொன்னாராம்."

மணி மூன்றேகால்.

திருடன் கிடைத்துவிட்டான். அண்ணிக்கு இத்தனை வருஷத்தில் இவ்வளவு உபயோகமில்லாத திருடன் கிடைத்ததில்லை. அவரைச் சொன்னால் ஸ்டோர்க்காரம்மா தப்பிப்பாள். விரல் போனவருக்கு வேலையும் போகும், பெட்டியைக் காலி செய்தவர் என்று சிகிச்சைக்கும் கையை விரிப்பார்கள். சொல்லாவிட்டால் ஸ்டோர்க்காரம்மா.

"அண்ணி," என்றான் சைரன் மெதுவாக. அவன் குரல் இறங்கி அவள் கேட்டதே இல்லை. "சொல்லாம முடியாதா?"

"நீங்க என்ன சொல்றீங்க?" அண்ணி ஸ்டோர்க்காரம்மாவைக் கேட்டாள்.

"அவரைச் சொல்ல வேண்டாம்." உடனே வந்தது பதில். "எனக்கு என்ன ஆனாலும்."

அண்ணி செருப்பை மாட்டினாள். குதிகால் சுள்ளென்றது. கேட்டில் நுழையும்போதும் இப்படித்தான் சுள்ளென்றது, பலகையைப் பார்த்துக்கொண்டே... அவள் அப்படியே நின்றாள்.

"தம்பி. கேட்டுல நுழையும்போது ஏதோ உறுத்துச்சு. பலகையில எத்தனை?"

"இருநூத்தி எண்பத்தேழு."

"விபத்து நடந்து எத்தனை நாள் ஆச்சு?"

சைரன் விரல் விட்டான். செவ்வாய், புதன், வியாழன், இன்று வெள்ளி. அவன் முகத்தில் மெல்ல மெல்லப் பழைய களை திரும்பியது. "அட, கேட்டுல உறுத்தினது செருப்பு இல்லையா?"

போகிற வழியில் குடோன் கார்டையும் கேன்டீன் கார்டையும் அதனதன் மூடிக்குள்ளேயே திரும்ப மாட்டினாள். அவை இனிமேல் ஒன்றையொன்று சந்திக்க வேண்டியதில்லை.

மேனேஜர் அறையில் ஏர்கூலர் இரைந்தது. அவரும் களைத்துத்தான் இருந்தார். முன்னால் ஃபைல், பேனா, ஏற்கெனவே டைப் அடித்து வைத்த வேலைநீக்க உத்தரவு.

"செவ்வாய்க்கிழமை நடந்த விபத்தின்போது முதலுதவிப் பெட்டி காலியாக இருந்ததற்குக் காரணமான..." என்று படிக்கத் தொடங்கினார்.

"எந்த விபத்து சார்?" என்றாள் அண்ணி.

"என்னம்மா விளையாடுறீங்களா? ஊருக்கே தெரியும்."

"உங்க நோட்டுக்குத் தெரியலையே. ஒரு வரிகூட இல்ல. உங்க கேட்டுக்கும் தெரியல. வாட்ச்மேன் இன்னைக்குக் காலையிலகூட ஒண்ணு கூட்டித் தகடு மாட்டியிருக்கார். இருநூத்தி எண்பத்தேழு நாளா இங்க விபத்தே நடக்கல. நடக்காத விபத்துக்கு இவங்களை எப்படி சார் நீக்குவீங்க?"

மேனேஜரின் பேனா மேஜையில் உருண்டது. சைரன் அதைப் பிடித்து, மரியாதையாகத் திருப்பி வைத்தான்.

"ரெண்டுல ஒண்ணு," என்றாள் அண்ணி. "விபத்து நடக்கல, அப்ப இந்த உத்தரவைக் கிழிங்க. இல்ல, நடந்ததுன்னா நோட்டுல ஏறணும், பலகை இறங்கணும், ஆஸ்பத்திரியில இருக்கிறவருக்குச் சேர வேண்டியது சேரணும்."

"பெட்டியில இருந்ததெல்லாம் எங்க போச்சு? அதுக்கு இந்த அம்மாதானே பொறுப்பு?"

ஸ்டோர்க்காரம்மா மூன்று காகிதங்களை மேஜையில் வைத்தாள். பெட்டிகளை நிரப்பப் பொருள் கேட்டு அவள் எழுதியவை. மூன்றின் ஓரத்திலும் மேனேஜரின் சிவப்பு மை: 'விபத்துப் பதிவு எதுவும் இல்லை. தேவைப்படாது.'

"எங்க போச்சுன்னு தெரியணும்னா வெளிய வந்து கைகளைப் பாருங்க," என்றாள் அண்ணி. "எல்லாம் கையிலதான் இருக்கு."

மேனேஜர் தன் சிவப்பு மையைப் பார்த்தார். பிறகு உத்தரவை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "சரி. விபத்து நடக்கல. போதுமா? பதிமூணு நாள்தான் பாக்கி. எல்லாரும் லீவுல போங்க. இதோட விட்டுடுங்க."

சைரன் எழுந்தே விட்டான். ஜெயித்தாகிவிட்டது. வாசல் வரை போனபோதுதான் ஸ்டோர்க்காரம்மா பின்னால் வரவில்லை என்று தெரிந்தது.

அவள் கொண்டையிலிருந்து பேனாவை உருவியிருந்தாள்.

"நோட்டு ஸ்டோர் பொறுப்பு சார்," என்றாள். "செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு ஒருத்தருக்கு அடிபட்டுச்சு. நான் எழுதணும்."

"அம்மா, உன் தலை தப்பிச்சுடுச்சு. ஏன் வம்பு?"

"அவர் விரல் தப்பிக்கல சார்."

பஞ்சிங் ஹாலில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மொட மொடத்த அந்த முதல் பக்கத்தில் குண்டுக் கையெழுத்தில் அவள் எழுதினாள். ஒரு வார லீவு அந்த ஒரு வரியில் கரைந்து போவதை அறுபது பேரும் நின்று பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கேட்டில் வாட்ச்மேன் ஏணி போட்டு ஏறி, இரண்டு, எட்டு, ஏழு என்று தகடுகளைக் கழற்றினார். பூஜ்யத் தகட்டைத் தேட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முதலில் அசைந்தது பசைக்காரம்மாதான். பசைப் பிரிவின் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி, இடுப்பில் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தாள். கட்டை விரலில் சுற்றியிருந்த டேப்பை உரித்து, கையை நீட்டினாள்.

"இப்பதான் பூஜ்யம் ஆயிடுச்சே. எழுதிக்க. கட்டை விரல், திங்கள்கிழமை கீறினது. பிளாஸ்டர் ஒண்ணு."

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். அப்புறம் இரண்டு பேர். வரிசை ஹாலைத் தாண்டி முற்றத்துக்கு நீண்டது. ஸ்டோர்க்காரம்மா ஒவ்வொரு பெயராக எழுதினாள். சைரன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு டேப்பை உரிக்கவும், மருந்துத் தண்ணீரால் துடைக்கவும், ஒட்டவும் ஆரம்பித்தான். "அடுத்து, அடுத்து! தள்ளாதீங்க, எல்லாருக்கும் காயம் இருக்கு!" என்று அவன் குரல் வாசல் கேட் வரை எட்டியது.

அண்ணியும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். யாரும் வழிவிடவில்லை, அவளும் கேட்கவில்லை. வரிசையில் நின்றபடியே கொஞ்சம் கண்ணயர்ந்தும் விட்டாள்.

அவள் முறை வந்தபோது ஸ்டோர்க்காரம்மா பெட்டிக்குள் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இருபத்தெட்டும் தீர்ந்துடுச்சு அக்கா."

அண்ணி இருபத்தொன்பதாவது ஆள். அவளுக்குப் பின்னால் இன்னும் முப்பது பேர் நின்றார்கள்.

"எழுதிக்குங்க," என்றாள் அண்ணி. "இடது குதிகால். பிளாஸ்டர் இல்லைங்கிறதையும் சேர்த்து எழுதுங்க."

ஸ்டோர்க்காரம்மா எழுதினாள். அதற்கு நோட்டில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினாள்.